தேனீக்களுக்கு நான் நடத்திய ஏலக்காய்ப் பாடம்

போன மாதம், எங்கள் பழைய துறையில் இப்போது அதிகாரியாக இருக்கும் பெண் ஒருவர் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். ஒரு தேனீயைச் சின்னக் குழாயில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறார்கள். முடிவெட்டும் கடையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல அது பாவமாகப் பார்க்கிறது. ஒரு வாசனையை ஊதுகிறார்கள், கூடவே சர்க்கரைத் தண்ணீரை வாயில் தொட்டு வைக்கிறார்கள். சில தடவை இப்படிச் செய்துவிட்டுப் பிறகு வெறும் வாசனையை மட்டும் ஊதினால், தேனீ தானாகவே நாக்கை நீட்டுகிறது. சர்க்கரை வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கீழே அந்த அதிகாரி எழுதியிருந்தார்: "உங்கள் காலத்தில் இதெல்லாம் எப்படிச் செய்தீர்கள் சார்? பணியாளர் மலருக்கு எழுதிக் கொடுங்கள்."

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "காலைல காப்பி வாசம் வந்தா நீங்களும் இப்படித்தான் மூஞ்சிய நீட்டறீங்க. அந்தப் பூச்சியாவது குழாய்க்குள்ள அடங்கி உக்காந்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் காலத்தில் குழாய் கிடையாது. ஒரு வாணலி இருந்தது. ஆறு தேன்பெட்டி இருந்தது. விசாலாட்சி மேடம் இருந்தார். அப்புறம் நான் இருந்தேன். இதில் கடைசியாகச் சொன்ன சாமானால்தான் எல்லாக் குழப்பமும் வந்தது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலக்கடலை போடுகிற குடும்பத்துப் பிள்ளை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபீல்டுமேன் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அது தேனீ வேலை என்று எனக்குத் தெரியாது. 'களத்தில் மேற்பார்வை' என்று போட்டிருந்தார்கள். மேற்பார்வை என்றால் வரப்பில் நின்று கையை நீட்டி நாலு பேரை ஏவுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொட்டு வாங்கினேன், வீங்கினேன், வீக்கம் வடிந்ததும் மறுபடி கொட்டு வாங்கினேன். ஒரு தடவை இரண்டு கண்ணிமையும் வீங்கி மூடிக்கொள்ள, தடவித் தடவிப் பேருந்தில் ஏறினேன். பார்வையில்லாதவர் என்று நினைத்து ஓர் அம்மா எனக்கு எழுந்து இடம் கொடுத்தார். இறங்கும் இடம் வந்ததும் இமையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு "ஸ்டாப்பிங்" என்று நான் கத்தியபோது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் என்னை விசாலாட்சி மேடத்தின் கீழ் போட்டார்கள். மேடத்துக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக் கல்பாத்தி. நாற்பது வயதிருக்கும். பூச்சியியலில் பெரிய படிப்பு. கறுப்புக் குடையை விரித்து, முக்காலி போட்டு, தேன்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பக்கத்துத் தென்னை அசைகிற அளவுகூட அசையமாட்டார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என்னை 'நீ' என்பார்; தேனீக்களை 'அவா' என்பார். அந்த மரியாதை எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

முதல் நாள், தேனீக்குச் சிவப்பு பிடிக்கும், பூ சிவப்பாகத்தானே இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அக்காள் கல்யாணத்துக்கு எடுத்த இரத்தச் சிவப்புச் சட்டையில் போய் நின்றேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தச் சட்டை எந்துக்கு?"

"தேனீங்களுக்குச் செகப்புன்னா புடிக்குமுங்களே மேடம்."

"யார் சொன்னா? அவாகிட்ட கேட்டியோ?"

"இல்லீங்க."

"அவா கண்ணுக்குச் சிவப்பே தெரியாதாக்கும். உன் சட்டை அவாளுக்குக் கறுப்பு. கறுப்பா, ரோமமா, உருண்டையா ஒண்ணு பக்கத்தில வந்தா கரடின்னுதான் நெனைப்பா. போய் வெள்ளைச் சட்டை போட்டுண்டு வா."

கறுப்பும் ரோமமும் உருண்டையும் சட்டைக்கு மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை.

'அவாகிட்ட கேட்டியோ' என்பதுதான் மேடத்தின் வேலை முறை. எதைச் சொன்னாலும் அந்தக் கேள்விதான் வரும். கேட்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். ஒரு மேசையில் நீலத் தாள், மஞ்சள் தாள். நீலத்தின் மேல் வைத்த தட்டில் சர்க்கரைப் பாகு, மஞ்சளின் மேல் வைத்ததில் வெறும் தண்ணீர். தேனீக்கள் வந்து, குடித்து, பெட்டிக்குப் போய்த் திரும்பிவரும். அவை பழகியதும் தட்டுகளை எடுத்துவிட்டு, தாள்களை இடம் மாற்றி வைப்பார். அப்போதும் அவை நீலத்தின்மேல்தான் வந்து உட்காரும். இடத்தைப் பார்த்து வருகின்றனவா, நிறத்தைப் பார்த்து வருகின்றனவா என்ற கேள்விக்கு அவை தாங்களே பதில் சொல்லிவிட்டன.

எந்தத் தேனீ எது என்று தெரிய அடையாளம் வைக்க வேண்டும். அது என் வேலை. புல் காம்பின் நுனியில் கடுகளவு பெயிண்டைத் தொட்டு, தேனீ பாகு குடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகில், இரண்டு இறக்கைக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இறக்கையில் பட்டால் அது பறக்காது. கண்ணில் பட்டால் வீடு போய்ச் சேராது. முதல் நாள் முழுக்க முயன்று நான் சரியாக அடையாளமிட்டது என் கட்டைவிரலை மட்டும்தான். மேடம் அதையும் உற்றுப் பார்த்துவிட்டு, "நன்னா இருக்கு. இனிமே நீ காணாமப் போனா கண்டுபிடிச்சுடலாம்" என்றார்.

என்னைக் கட்டிப்போட்டது வேறொரு நாள். பல நாளாகக் காலையில் ஒரே நேரத்துக்குப் பாகு வைத்துக்கொண்டிருந்தோம். அன்று மேடம் காலித் தட்டை வைக்கச் சொன்னார். பாகும் இல்லை, வாசனையும் இல்லை. நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். வழக்கமான நேரம் நெருங்கியது. ஒரு தேனீ வந்தது. முதுகில் என் பெயிண்ட். இன்னொன்று. அப்புறம் நாலைந்து. காலித் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, விளிம்பில் இறங்கி, நாக்கால் தடவிப் பார்த்து, மறுபடி எழுந்து சுற்றின. அவசரநிலைக் காலம் அது. நாங்கள் எல்லோரும் நேரத்துக்கு ஆபீஸ் போகப் பழகிக்கொண்டிருந்தோம், அதுவும் பயந்து. எள்ளளவு தலைக்குள் இந்த ஜீவனுக்கு ஒரு கடிகாரம், ஒரு வரைபடம், ஒரு வாசனைப் பெட்டி, எல்லாம் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போகிற பேருந்தில் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் முழுவதையும் சொன்னேன். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவர் ஊர் அதுதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அதே உற்சாகத்தோடுதான் மூணாறு மலைப் பக்கத்துச் சூரியநெல்லிக்குப் போனேன்.

அங்கே மாடசாமி என்று ஒருவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மேற்பார்வை பார்த்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு சரிவில் ஏலக்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நட்டு, நிழல் கட்டி, களையெடுத்து, அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் காடு முழுக்கப் பூத்திருந்தது. பூக்கிற காலத்தில் பக்கத்துப் பெரிய பாறையில் மலைத்தேனீக்கள் அடை கட்டும். அவை வந்து பூவுக்குள் புகுந்து உழப்பினால்தான் காய். அந்த வருஷம் பாறை வெறுமையாக நின்றது. ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. ஏலப்பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. விடியும்போது விரிகிறது, அன்றைக்குத் தேனீ வந்து தொட்டால் காய், தொடாவிட்டால் மறுநாள் உதிர்ந்து மண்ணில் கிடக்கும்.

அவர் எங்கள் ஆபீசுக்கு வந்து மேடத்தின் முன்னால் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "காய் பிடிக்கலேன்னா குத்தகைய விட்டுர வேண்டியதுதான் மேடம். மறுபடியும் தோட்டத்து லயத்து வீட்டுக்கு, அதே தராசுக்கு. போவும்போது எல்லாரும் பாத்தாக. திரும்பி வாரதையும் பாப்பாக" என்றார். மேடம், "பெட்டி கொண்டுவரோம். மீதியை அவாகிட்ட கேக்கலாம்" என்றார். அவா யார் என்று மாடசாமி அண்ணாச்சிக்குப் புரியவில்லை. மேலதிகாரிகள் என்று நினைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆறு பெட்டிகளின் வாசலையும் அடைத்து ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலை வாசலைத் திறந்தபோது அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். வெளியே வந்த தேனீ உடனே பறந்து போகாது. திரும்பி, பெட்டியின் வாசலைப் பார்த்தபடியே, இடமும் வலமுமாக ஆடும். பிறகு கொஞ்சம் பின்வாங்கி, வட்டத்தைப் பெரிதாக்கி, மேலே ஏறி, மரம், பாறை, சரிவு எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் போகும்.

"என்னவே, மொறைச்சிப் பாக்கு?"

"வீட்டு வெலாசத்தப் படிக்குதுங்க அண்ணாச்சி. புது ஊராச்சுங்களே."

"நான் மலைக்கி வந்த புதுசுல எந்த லயம் என் லயம்னு தெரியாம அடுத்தவன் வீட்டுல போயிப் படுத்தேன். இது பரவால்ல வே."

படித்தது சரி, போன இடம்தான் சரியில்லை. ஏலப்பூ தரையோடு படரும் சரத்தில், நிழலில், இலைக்கு அடியில் இருக்கிறது. எங்கள் தேனீக்கள் தலைக்கு மேலே பூத்திருந்த காட்டு மரங்களுக்குப் போய்விட்டன. கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் மண்ணில் உதிர்ந்த பூ வெள்ளையாகக் கிடக்கும். அண்ணாச்சி அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடப்பார்.

மேடம் ஒரு வழி சொன்னார். ஏலப்பூவைப் பறித்து, ஆறின பாகில் ஊறப் போட்டு, மறுநாள் காலையில் பூவை வடித்துவிட்டு அந்தப் பாகைச் செடிகளுக்கு நடுவில் தட்டில் வைக்க வேண்டும். அந்த வாசனை என்றால் இனிப்பு என்று தேனீக்கள் படித்துக்கொள்ளும். பிறகு அந்த வாசனையைத் தேடித் தரைக்கு வரும். இதைச் சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்காகப் பாலக்காட்டுக்குப் போய்விட்டார். "மாத்தி ஒண்ணும் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் என்னைப் பற்றி அவருக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

மறுநாள் கூடையோடு காட்டில் இறங்கினேன். மண்டியிட்டால்தான் பூ தெரியும். மண்டியிட்டால் அட்டை தெரியும். மூன்று பூ பறிப்பதற்குள் காலில் எத்தனை அட்டை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆனால் என்னைத் தடுத்தது அட்டை மட்டும் இல்லை. பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். நான் ஒவ்வொரு பூவையும் கிள்ளும்போது அவர் முகம் தன் விரலைக் கிள்ளினதுபோல் சுருங்கியது. நானும் விவசாயி வீட்டுப் பிள்ளை. பூத்த கடலைச் செடியை மிதித்தாலே எங்கள் ஊட்டில் சோறு கிடையாது. கை வரவில்லை.

"ஏனுங்க அண்ணாச்சி, வேணுங்கறது ஏல வாசந்தானுங்களே?"

"ஆமா வே."

"ஊட்டுல ஏலக்காய் இருக்குதுங்களா?"

அண்ணாச்சியின் முகம் மலர்ந்ததே, அதை இன்று நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. "அட, காய்தான வாசமே. பூவுல என்ன கெடக்கு? மூக்க வச்சி மோந்து பாரும், ஒண்ணுமில்ல. காய நுணுக்கிப் போட்டா காடே மணக்குமே."

இரண்டு புத்திசாலிகளும் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி டப்பாவைத் திறந்து, குண்டு குண்டான பச்சை ஏலக்காயாகப் பொறுக்கி எடுத்தார். அம்மியில் நுணுக்கிப் பாகில் கொதிக்கவிட்டோம். வாசனை வழியில் போனவர்களையெல்லாம் நிறுத்தியது. யாருக்குக் கல்யாணம் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். மறுநாள் காலையில் அதைத் தட்டில் வைத்தேன். ஐயோ, தேனீக்கள் என்ன மாதிரி வந்தன தெரியுமா? மேடத்தின் பாகுக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. தட்டு கறுத்துப் போகும் அளவுக்கு மொய்த்தன. நான் பெயிண்ட் வைத்தேன். மஞ்சள் பொட்டு வைத்த ஒன்று ஓயாமல் வந்து வந்து போனது. அதற்கு என் மனசில் 'மஞ்சப்பொட்டு' என்றே பேர் வைத்துவிட்டேன். நாலைந்து நாள் இப்படியே போயிற்று. விஞ்ஞானத்தில் நான் ஒரு திருத்தம் செய்துவிட்டதாக நினைத்தேன். மேடம் வந்ததும் எப்படி அடக்கமாகச் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்தேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ நாள், சரிவுக்குக் கீழே சாலை வளைவில் டீக்கடை வைத்திருந்த பொன்னுத்தாயி அக்கா ஆள் அனுப்பினார். மதுரைப் பக்கத்துக்காரர். மூணாறு போகிற ஜீப்புகள் அவருடைய ஏலக்காய் டீக்காகவே அங்கே நிற்கும். போய்ப் பார்த்தால் கடைக்குள் யாருமில்லை. டிரைவர்கள் எல்லோரும் சாலையில் நின்றார்கள். கடைக்குள் உட்கார்ந்திருந்ததெல்லாம் என் மாணவர்கள். டீ வடிகட்டியில், சர்க்கரை டப்பாவில், கிளாஸ் விளிம்பில்.

"இது ஒங்க ஆளுகளா?" என்றார் அக்கா.

முதுகில் மஞ்சள் பொட்டோடு ஒன்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல வழியில்லை.

"ஆமாங்க அக்கா."

"தெனம் ஒரே நேரத்துக்கு வந்துருதுக. காசு குடுக்காம குடிக்கிறது மட்டுமில்ல, குடிக்க வந்தவய்ங்களையும் வெரட்டி விடுதுக. நீங்க படிச்சுக் குடுத்தீகளாம்ல, மாடசாமி அண்ணாச்சி பெருமையாச் சொல்லிட்டுப் போனாரு. வேற என்னெல்லாம் படிச்சுக் குடுத்தீக? கிளாஸ் கழுவப் படிச்சுக் குடுக்கலையா?"

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். நடந்து வரவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மூச்சுவிடாமல், கண்ணாடிப் பாத்திரம் சுமக்கிறவர் மாதிரி அடி மேல் அடி வைத்து வந்தார். சட்டைப் பையின் மேல் ஒரு கொத்துத் தேனீ. அண்ணாச்சி பீடி குடிப்பார். அது வீட்டில் தெரியக் கூடாது என்று எப்போதும் பையில் ஏலக்காய் வைத்து மென்றுகொண்டிருப்பார்.

"சாரு," என்றார், உதட்டை அசைக்காமல். "ஒம்ம புள்ளைகளக் கூப்பிடும் வே."

ஏலப்பூவைப் போய்ப் பார்த்தோம். ஒரு தேனீ இல்லை.

மறுநாள் மேடம் வந்தார். வாணலியை மோந்து பார்த்தார். தட்டை மோந்து பார்த்தார். பிறகு குடையை ஊன்றிக்கொண்டு காட்டில் இறங்கி, ஒரு பூவைக் கிள்ளாமல், தானே குனிந்து மோந்தார். நான் ஒத்திகை பார்த்த அடக்கமெல்லாம் வீணாய்ப் போயிற்று.

"பழனி, இதை மோந்து பாரு."

மண்டியிட்டு மோந்தேன். ரொம்ப லேசான ஒரு வாசனை. மழையில் நனைந்த இலை மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக. ஏலக்காயின் வாசனை அதில் துளிகூட இல்லை.

"பூவுக்குத் தான் என்ன காயாகப்போறோம்னு தெரியாதாக்கும். இந்த வாசனை வேற, அந்த வாசனை வேற. அவா நன்னாத்தான் படிச்சிருக்கா. இத்தனை நன்னாப் படிச்சு நானே பார்த்ததில்லை. வாத்தியாருக்குத்தான் மூக்கு இல்லை."

திட்டினது அவ்வளவுதான். திட்டாததுதான் தாங்கவில்லை. அண்ணாச்சி கேட்டார், "இதுகளுக்கு இது மறக்குமா மேடம்?"

"தானா மறக்கறதுக்குள்ள இவா ஆயுசு முடிஞ்சுடும். ஒன்றரை மாசம் இருந்தாலே பெரிசு. புதுசாப் பொறக்கறவா வெறும் தலையோட வருவா. ஆனா அதுவரைக்கும் உங்க பூ காத்துண்டிருக்காது."

"அப்ப?"

"எழுதினதை அழிக்க முடியாது. மேல வேற எழுதலாம். மனசிலாச்சோ?"

இரண்டு தட்டு. ஒன்றில் ஏலக்காய் கொதித்த வெறும் தண்ணீர், சர்க்கரை கிடையாது. இன்னொன்றில் பூ ஊறிய பாகு. காய் வாசனைக்குப் போனால் ஏமாற்றம், பூ வாசனைக்குப் போனால் விருந்து. ஆனால் இது பலிக்க வேண்டுமானால் அந்தச் சரிவில் வேறு எங்கேயும் ஏலக்காய் மணத்தோடு இனிப்பு கிடைக்கக் கூடாது. அதாவது பொன்னுத்தாயி அக்காவின் டீயில் ஏலக்காய் கூடாது. இதைச் சொல்ல மேடம் என்னைத்தான் அனுப்பினார்.

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த டீக்குத்தான் ஜீப்பு நிக்கிது" என்றார். பிறகு மேலே ஏலக்காட்டைப் பார்த்தார். "அவரு பொண்டாட்டி என்கிட்ட வந்து ஒரு நாளு அழுதுட்டுப் போச்சு. திரும்ப லயத்துக்குப் போகணுமோன்னு. சரி, போங்க. இஞ்சி தட்டிப் போடுறேன். எவனாவது கேட்டா ஒங்க பேரத்தான் சொல்லுவேன்."

சொன்னார். ஒருவர் விடாமல் எல்லா டிரைவரிடமும் சொன்னார். சூரியநெல்லியில் இஞ்சி டீக்கு அந்த வருஷம் 'பழனிச்சாமி டீ' என்று பேர். அண்ணாச்சியும் பையில் ஏலக்காய் வைப்பதை விட்டார். இரண்டாவது நாளே அவர் வீட்டில் பீடி விஷயம் தெரிந்துவிட்டது. அதற்கும் என் பேர்தான்.

மிச்சம் இருந்தது பூ. இந்த முறை நான் கூடையோடு போனபோது அண்ணாச்சி கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீரு வேண்டாம். நான் பறிக்கேன்" என்றார். அந்த ஆள் தன் காட்டில் ஒரு பூவைக்கூடக் கிள்ளினதில்லை. மண்டியிட்டு, சரத்தின் இலையை ஒதுக்கி, ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் வைத்தார். போடவில்லை, வைத்தார். அட்டை காலில் ஏறியதை அவர் பார்க்கவே இல்லை. நான் சுண்ணாம்பு தடவி எடுத்துவிட்டுக்கொண்டே கூடப் போனேன். அன்று நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை என்பதை என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

இரண்டு தட்டையும் வைத்தோம். முதல் நாள் எல்லாம் காய்த்தண்ணீருக்குத்தான் போயின. நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு விருட்டென்று எழுந்தன. மறுபடி வந்தன. என்னைத் திட்டுவது போலவே இருந்தது. மறுநாள் சில, பூத்தட்டைக் கண்டுபிடித்தன. அதற்கடுத்த நாள் கூட்டம் பிரிந்தது. மேடம் குடைக்குக் கீழ் அசையாமல் உட்கார்ந்திருக்க, மஞ்சப்பொட்டு இரண்டு தட்டுக்கும் நடுவில் காற்றில் நின்று, இங்கும் அங்கும் திரும்பி, கடைசியில் பூத்தட்டில் இறங்கியபோது நான் எழுந்து குதித்துவிட்டேன். என் முக்காலி கவிழ்ந்து, காய்த்தண்ணீர் முழுக்க என் மேலேயே கொட்டியது. அப்புறம் என்ன, அன்று முழுவதும் நான்தான் காய்த்தட்டு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாட்கணக்காக விடவில்லை. தேனீக்கள் பெட்டியை விட்டு வரவில்லை. பூ விரிந்தது, உதிர்ந்தது. அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார்.

வெயில் அடித்த முதல் காலையில் பொன்னுத்தாயி அக்காவின் குரல்தான் கீழேயிருந்து முதலில் வந்தது. "தேனீக்காரரே, ஒங்க மஞ்சப்பொட்டு வந்திருக்கு."

நாங்கள் மேலே எழுதினதெல்லாம் மழையில் கரைந்துவிட்டது என்று நினைத்தேன். மேடத்தைப் பார்த்தேன். அவர் பாகை வடித்துக்கொண்டே, "பழைய ஞாபகம் தூங்கி எழுந்திருக்கு. போய்ப் பார்த்துட்டு வரட்டும். அங்க இஞ்சிதானே இருக்கு" என்றார். "நீ தட்டை வை."

வைத்தேன். வைத்துவிட்டுப் பொறுக்க முடியாமல் காட்டுக்குள் போய், புதிதாகப் பூ விரிந்த ஒரு சரத்துக்கு முன்னால் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அண்ணாச்சியும் வந்து பக்கத்தில் படுத்தார். இரண்டு பெரிய ஆண்பிள்ளைகள், அட்டை ஊர்கிற சேற்றில், ஒரு பூவைப் பார்த்தபடி.

"வருமா வே?"

"பேசாதீங்க அண்ணாச்சி."

"என் பீடி வாசத்துக்குப் பயப்படுமோ?"

"பேசாதீங்கன்னா."

ரீங்காரம் மேலே கேட்டது, தள்ளிப் போனது, திரும்பி வந்தது. இலைக்கு அடியில் தாழ்ந்தது. முதலில் ஒன்று, பொட்டில்லாதது. பூவின் முன்னால் காற்றில் நின்றது. ஏலப்பூவின் வெள்ளை உதட்டில் ஊதாக் கோடுகள் உண்டு, உள்ளே வழிகாட்டுவது போல. அந்தக் கோட்டின் மேலேயே இறங்கி, தலையை உள்ளே விட்டு, முட்டித் தள்ளி நுழைந்தது. பின்பக்கமாக வெளியே வந்தபோது முதுகில் மகரந்தம் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது. அடுத்த பூவுக்குப் போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னும் மூன்று. கொஞ்ச நேரம் கழித்து, டீக்கடையில் ஏமாந்து திரும்பிய மஞ்சப்பொட்டு. நான் அதன் பெயிண்டைக் கண்டுகொண்டு அண்ணாச்சியின் தோளை இறுக்கினேன். அவர் சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணிலும் சேறு.

காய் பிடித்தது. முழுக்க இல்லை, நாங்கள் வீணாக்கிய நாட்களின் சரங்கள் வெறுமையாகத்தான் நின்றன. ஆனாலும் குத்தகை நிற்கிற அளவுக்குப் பிடித்தது. அண்ணாச்சி தராசுக்குத் திரும்பிப் போகவில்லை. பறிப்புக் காலத்தில் மேடமும் நானும் போயிருந்தோம். காயை உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். சரிவு முழுக்க ஏலக்காய் மணம், வாணலிப் பாகைவிடப் பல மடங்கு. பெட்டிகள் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே இருந்தன, அதுவும் சரியாக நான் முன்பு தட்டு வைத்த நேரம். தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஒன்றுகூட வரவில்லை. பெட்டியிலிருந்து கிளம்பிய தேனீக்கள் ஸ்டோரைத் தாண்டி, அந்த மணத்தைத் துளியும் கண்டுகொள்ளாமல், தங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தன.

"நீ படிப்பிச்சவாளும் இல்லை, நான் படிப்பிச்சவாளும் இல்லை" என்றார் மேடம். "இந்தக் காயைப் பிடிக்க வச்சவா யாருமே இதைப் பார்க்கலை." என் பக்கம் திரும்பினார். "துண்டை எடு. அவாளுக்கு நீ யாருன்னே தெரியாது."

கீழே பொன்னுத்தாயி அக்கா எங்களுக்காகவே டீயில் மறுபடி ஏலக்காய் போட்டிருந்தார். கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் நான் பின்னால் நகர்ந்து, உள்ளே தேனீ இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். கல்யாண வீட்டில் பாயசம் வந்தால் முதலில் டம்ளருக்குள் பார்ப்பேன், அப்புறம் பக்கத்து இலைக்காரரின் சட்டைப் பையைப் பார்ப்பேன்.

அதனால் படம் அனுப்பிய அதிகாரிக்கு நான் சொல்வது இதுதான். ஆறு பெட்டியில் ஒரு தேனீயும் அந்தப் பாடத்தை ஒன்றரை மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அதை இன்னும் மறக்காத பூச்சி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதற்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது. அதை மாட்டத்தான் உங்கள் குழாய் பத்தாது.